ஏழாவது ஓட்டம்

மைனஸ் நூற்று எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. இன்னும் ஒரு சொட்டு, ஒரே சொட்டு, அவசரப்படாதேடா பாவி என்று தணிகாசலம் தன்னையே திட்டிக்கொண்டு ஃபிளாஸ்க்கைச் சாய்த்தான். காப்பி ஊற்றி வைக்கிற சாதாரண ஸ்டீல் ஃபிளாஸ்க்தான், உள்ளே இருந்ததுதான் காப்பி இல்லை, திரவ நைட்ரஜன். மேஜைமேல் மதர்போர்டு மல்லாந்து கிடந்தது, அதன் நடுவில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பிராசஸர் சில்லு, அதன் தலைமேல் நிறுத்திவைத்த செம்புக் குடுவை, குடுவைக்குள் நைட்ரஜன் கொதித்து வெள்ளைப் புகையாக விளிம்பு வழிந்து, மேஜை வழிந்து, தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருத்தன் புறா விடுவான், ஒருத்தன் கேரம் ஆடுவான், ஒருத்தன் பிரியாணி தின்றுவிட்டுக் குப்புறப் படுப்பான், தணிகாசலத்துக்கு இது. கம்ப்யூட்டரை, அதைச் செய்தவன் வைத்துக்கொடுத்த வேகத்தையெல்லாம் தாண்டி, சில்லு தாங்குகிற கடைசி எல்லை வரைக்கும் விரட்டி, ஒரு பெரிய கணக்கைப் போடச்சொல்லி மதிப்பெண் வாங்குவது, ஒரு தடவை போட்டு முடித்தால் ஒரு ஓட்டம். அப்படி விரட்டினால் சில்லு வெந்துபோகும், அதனால் உறையவைத்துக்கொண்டே விரட்டவேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது, பட்டியலில் முதல் பெயர் டொராண்டோவில் இருக்கிற கஜன், யாழ்ப்பாணத்துப் பையன், 2416. இரண்டாவது பெயர் தணிகாசலம், 2402. பதினாலு புள்ளி, நாலு மணியோடு போட்டி முடிகிறது, இப்போது மணி மூன்று. பதினாலு புள்ளிக்காக இவ்வளவா என்று கேட்கலாம், ஆனால் போன வாரம் முழுக்க ஆபீசில் கப்பல் பாகங்களுக்கு வரைபடம் போடும்போது கோட்டுக்குக் கோடு அந்தப் பதினாலுதான் தெரிந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம், தரையில் விரித்த மெத்தையில், அவன் பெண்டாட்டி லீலா தூங்கிக்கொண்டிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ், ராத்திரி டியூட்டி முடிந்து காலை ஒன்பதுக்கு வந்தவள், குளித்து, ரசம் வைத்து, அவனுக்கு மூடிவைத்துவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலைவரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தவள். வீட்டில் ஏசி இருப்பது இந்த ஒரு அறையில்தான். முன்பெல்லாம் கட்டிலில் தூங்குவாள், கட்டிலைக் கழற்றிப் பரண்மேல் போட்டதே இந்த மேஜைக்காகத்தான், அப்போது அவள் சண்டை போடவில்லை, ரெண்டு கண்டிஷன் என்று விரலை நீட்டினாள். ஜன்னல் திறந்திருக்கணும். நான் தூங்கும்போது இந்த வேலை வேணாம். இரண்டாவது கண்டிஷன் மூன்றே மாதத்தில் தேய்ந்துபோனது, தூங்குகிறவளுக்கு என்ன தெரியப்போகிறது, ஜன்னல்தான் திறந்திருக்கிறதே என்று இவனே இவனுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டான். போதாக்குறைக்கு அவள் குறட்டை. ஆள் ஒல்லிதான், குறட்டை மட்டும் எண்ணூர் பக்கம் போகிற சரக்கு ரயில். கல்யாணமாகி நாலு வருஷமாகிறது, ஒரு நாளாவது ஒப்புக்கொண்டிருப்பாளா, நான் குறட்டை விடறதே இல்லங்க, அது உங்க ஃபேன் சத்தம் என்பாள். போனில் பதிவுசெய்து போட்டுக்காட்டினான், அது வேற யாரோ பொம்பளை, யாரு சொல்லுங்க, ஒழுங்கா சொல்லிடுங்க என்று எதிர்க் கேஸ் போட்டாள். இவன் மதிப்பெண் ஓட்டம் ஓட்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் பின்னணியில் ஏறி இறங்கும். குடுவையில் ஊற்றுகிற கைக்கு அதுவே தாளம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஒன்றாவது ஓட்டம் 2398, இரண்டாவது 2405, பரவாயில்லை, சூடு பிடிக்கிறது, சூடு என்று சொல்லக்கூடாது, குளிர் பிடிக்கிறது. சிரித்துக்கொண்டான். இந்தத் தடவை மதர்போர்டு காய்ந்தே இருக்கிறது பார், ஒரு துளி ஈரம் இல்லை. போன மாதம் இப்படித்தான் 2400ஐத் தொட்ட நேரத்தில் கடல் காற்று உள்ளே வந்து, குடுவையைச் சுற்றிப் பனியாகப் படிந்து, பனி உருகி, மதர்போர்டு கண்ணெதிரே செத்தது. டொராண்டோவில் காற்று உலர்ந்திருக்கும், கஜனுக்கென்ன, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்காருவான். திருவொற்றியூர்க் காற்றில் துணி காயவே இரண்டு நாள் ஆகிறது. அதனால்தான் இன்றைக்குக் காலையில், லீலா குளித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழுப்பு டேப்பை இழுத்து இழுத்து ஒட்டி, அது தெரியாதபடி ஜன்னல் திரைச்சீலையை மூடினான். அவள் படுத்த பிறகு கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி அடைத்தான். ஏசியும் இந்த மெஷினும் ஒன்றாக ஓடினால் கரண்டு தாங்காமல் விழுகிறது என்று ஏசியையும் அணைத்தான், நைட்ரஜன்தான் குளிருகிறதே, அவளுக்கு என்ன குறை. ஃபேனையும் அணைத்தான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவர்கள் குழுவின் முதல் விதியைத் தமிழில் எழுதிவைத்தவனே இவன்தான். நைட்ரஜன் விஷமில்லை, ஆனால் அறையில் இருக்கிற காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும், குளிர்ந்திருப்பதால் முதலில் தரையில் தேங்கும், வாசனை கிடையாது, இருமல் வராது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, ஜன்னலைத் திற. ஊற்றுவதற்கு முன்னால் திறந்த ஜன்னலைப் படமெடுத்துக் குழுவில் போடவேண்டும், மற்றவர்கள் பார்த்துச் சரி சொல்லவேண்டும், அது குழுவின் வழக்கம். தணிகாசலம் போன மாதத்துப் படத்தைப் போட்டான். கஜன் பெருவிரலை உயர்த்தி, கவனம் அண்ணை, என்று எழுதினான். அந்தப் படத்தில் வானம் மழைக்குக் கறுத்திருந்தது, இன்றைக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஒருத்தன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஒரு மணி நேரம்தானே, ஒரே ஒரு மணி நேரம், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது.

மூன்றாவது ஓட்டத்தில் திடீரென்று அறை அமைதியானது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. எது நின்றது என்று அவன் யோசிக்கவில்லை, ஏதோ ஒரு சத்தம் நின்றது, நல்லது, காது சுத்தமாகிவிட்டது, இப்போது நைட்ரஜன் கொதிக்கிற சளசளப்பு மட்டும் கேட்கிறது. 2409. பார்த்தாயா. திரையின் ஓரத்தில் நேரமும் மதிப்பெண்ணும் வரிசையாகப் பதிவாகிக்கொண்டே வந்தன, மூன்று ஒன்பது, 2409. உடம்பு லேசாக இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது, காரணமே இல்லாமல் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் படியேறின மாதிரி ஒரு சந்தோஷம். அலுமினியக் கேனிலிருந்து ஃபிளாஸ்க்கில் மறுபடி நிரப்பினான். மாட்டு டாக்டர்கள் சினை ஊசி மருந்தை உறையவைத்து எடுத்துப்போகிற கேன் அது, மணலியில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கியது, எதுக்குப்பா என்று கேட்டவரிடம் ஸ்கூல் புராஜெக்ட் என்று சொன்னான், முப்பத்துமூன்று வயசு ஆளுக்கு என்ன ஸ்கூல் என்று அவரும் கேட்கவில்லை. நிரப்பும்போது கொஞ்சம் சிந்தியது. கொஞ்சமா, நிறைய. தரையில் பட்டு மணிமணியாக ஓடி, புகையாகி, மெத்தையின் ஓரத்தில் போய்ப் படுத்தது. ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு டப்பா. இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. சின்ன வயசில் எங்கோ பார்த்தது, யாரோ ஒருவர் கயிற்றை மெல்ல மெல்ல இறக்குகிறார், டப்பாவில் என்ன இருந்தது. போகட்டும், வேலையைப் பார். நாலாவது ஓட்டம் 2411.

ஐந்தாவதில் குளிர் மிஞ்சிவிட்டது. நூற்று எண்பத்தாறைத் தாண்டினால் இந்தச் சில்லு விறைத்து நின்றுவிடும், அப்போது குடுவைக்குத் தீ காட்டி இரண்டு டிகிரி ஏற்றவேண்டும், அதற்கென்று கேஸ் பர்னர் ஒன்று வைத்திருந்தான், ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய் பற்றவைப்பார்களே, அந்த மாதிரி. விசையை அழுத்தினான், நீலத் தீ சீறிக்கொண்டு வந்தது, குடுவையின் மேல்விளிம்பில் காட்டினான், சரி. அடிப்பக்கம் காட்டலாம் என்று இறக்கினான், அணைந்தது. மறுபடி அழுத்தினான், வந்தது, இறக்கினான், அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டதா, போன வாரம்தானே புது கேன் போட்டோம், குலுக்கிப் பார்த்தான், உள்ளே தளும்பியது. மட்டமான சரக்கு, எல்லாம் ஏமாற்றுக்காரன்கள், காசை வாங்கிக்கொண்டு காற்றை அடைத்துக் கொடுக்கிறான். கோபம் வந்தது, கோபம் எங்கே ஆரம்பித்தது என்பது பாதியிலேயே மறந்துபோனது. மேல்விளிம்பிலேயே தீ காட்டி எப்படியோ ஓட்டி முடித்தான், 2410, இறங்கிவிட்டது. சனியன். ஆறாவது என்ன வந்தது, 2413 என்று பார்த்தான், மறுபடி பார்த்தபோது 2418 மாதிரி இருந்தது, கண்ணைத் துடைத்துப் பார்த்தால் 2413தான். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுதான் கண்ணை இருட்டுகிறது, லீலா வைத்த ரசம் அடுப்பங்கரையில் ஆறிக்கிடக்கிறது, எழுந்ததும் திட்டப்போகிறாள், நான் வேலைக்குப் போயிட்டு வந்து ஆக்கி வச்சா நீங்க போட்டுத் தின்னக்கூட மாட்டீங்களா என்று. எழுந்ததும். மூன்று புள்ளி, இன்னும் மூன்றே புள்ளி இருந்தால் சமம், நாலு இருந்தால் முதல் இடம். கயிறு, டப்பா, அடுக்குமாடியின் பின்பக்கம், நாறுகிறது, அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், என் கையைப் பிடித்திருக்கிறார். அந்த ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு குழி ஓரத்தில் உட்கார்ந்து கயிற்றை இறக்குகிறார். டப்பாவில் என்ன, சொல்லித் தொலையேன்.

ஏழாவது ஓட்டத்தைத் தட்டிவிட்டான். திரையில் பச்சைக் கோடு மெல்ல வலப்பக்கம் நகர ஆரம்பித்தது. மைனஸ் நூற்று எண்பத்தைந்து, எண்பத்தாறு, ஐயோ மறுபடி மிஞ்சுகிறது, பர்னரை எடுக்கப்போனவன் கை தட்டி அது கீழே விழுந்தது. விசை இறுகிக்கொண்டதோ என்னவோ, எடுத்து மேஜை உயரத்தில் அழுத்தியபோது தீ தானாக நின்று எரிந்தது. கூடவே விழுந்த ஸ்க்ரூடிரைவரையும் எடுக்கலாம் என்று எரிகிற பர்னரோடு குனிந்தான். இடுப்பு உயரத்தில் தீ மஞ்சளானது. முழங்கால் உயரத்தில் துடித்தது. அதற்கும் கீழே, யாரோ வாயால் ஊதின மாதிரி, போய்விட்டது. குனிந்த தலை கிறுகிறுவென்று சுற்றியது, தரை எங்கே இருக்கிறதென்று தெரியாத அளவுக்குப் புகை, புகைக்குள் மெத்தை, மெத்தைமேல் போர்வை. மெழுகுவத்தி. டப்பாவுக்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது, அதுதான். அப்பா குடியிருந்த அடுக்குமாடியின் கழிவுநீர்த் தொட்டி, உள்ளே இறங்கவேண்டிய அந்த ஆள் முதலில் மெழுகுவத்தியை இறக்கிப் பார்த்தார், பாதி ஆழத்தில் அது அணைந்தது, மறுபடி ஏற்றி இறக்கினார், மறுபடி அதே இடத்தில் அணைந்தது. குடியிருப்புச் சங்கத்து செக்ரட்டரி, காத்துல அணைஞ்சிருக்கும், சீக்கிரம் எறங்குப்பா என்றார். அந்த ஆள் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டே சொன்னார், காத்துல அணையல சார், காத்து இல்லாம அணைஞ்சிருக்கு, இதுக்கு மூச்சு முட்டுச்சுன்னா எனக்கும் முட்டும். சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். காத்து இல்லாம. தணிகாசலம் பர்னரைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், புகைக்குள் இருந்த போர்வையைப் பார்த்தான். மூன்றாவது ஓட்டத்தில் நின்றுபோன சத்தம் எது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. லீலா என்று கூப்பிட்டான், கூப்பிட்டது தன் காதுக்கே கேட்கவில்லை. அதில் கொடுமை என்ன தெரியுமா, அந்த நேரத்திலும், அவன் கண் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரைப் பக்கம் போய் வந்தது. பச்சைக் கோடு முக்கால்வாசி தாண்டியிருந்தது.

ஜன்னல் டேப்பைக் கிழிக்கலாமா, நேரமில்லை, கதவு, கதவுதான், துண்டு சிக்கிக்கொண்டு கதவு திறக்காமல் அடம்பிடித்தது, காலால் உதைத்து நகர்த்தினான், திறந்தான், ஹாலிலிருந்து சூடான காற்று முகத்தில் அறைந்தது. ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், குனியாதே, குனியாதே என்று சொல்லிக்கொண்டே குனிந்து, மெத்தையின் முனையைப் பிடித்து இழுத்தான். ஒல்லி ஆள்தான், அன்றைக்கு அம்மிக்கல் மாதிரி கனத்தாள். நிலைப்படியில் மெத்தை தடுக்கியது, அவள் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது, உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது. சாமி, பதினாலு புள்ளியை நீ வச்சுக்கோ, மொத்தத்தையும் வச்சுக்கோ. பால்கனி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து போட்டு, பஞ்சைப் பிடுங்கி, கன்னத்தில் தட்டி, லீலா, ஏய் லீலா, எழுந்திருடி. நெஞ்சு ஏறுகிறதா இறங்குகிறதா, கையை வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பால்கனிக் கதவோரத்து ஆணியில் அவள் கைப்பை தொங்கியது. விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டுகிற சின்னக் கருவி அதில் எப்போதும் கிடக்கும், பையைக் கவிழ்த்தான், பவுடர் டப்பா, பஸ் டிக்கெட், பிளாஸ்திரி, அதோ. அவள் விரலில் மாட்டினான். ஒன்றும் காட்டவில்லை. கோடு கோடாக ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு 68. தொண்ணூறுக்குக் கீழே போனா நாங்க ஓடுவோம் என்று அவள் ஒரு தடவை சோறு தின்றுகொண்டே சொல்லியிருக்கிறாள். 68. 67. வாழ்க்கையில் எத்தனையோ எண்களைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறான், ஒன்றையும் இப்படி ஏறு ஏறு என்று கெஞ்சிக்கொண்டு பார்த்ததில்லை. 70. 75. அறைக்குள்ளிருந்து மெஷின் கீச்சென்று கத்தியது, ஏழாவது ஓட்டம் முடிந்துவிட்டது, மதிப்பெண் வந்திருக்கும், ஐந்து நிமிஷத்துக்குள் போய்ப் பட்டியலுக்கு அனுப்பாவிட்டால் குடுவை சூடேறி, பனி உருகி, எல்லாம் போய்விடும். போகட்டும். 81. 88. அவள் வாய் திறந்தது, உள்ளேயிருந்து ஒரு பெரிய இழுப்பு வந்தது, பிறகு இருமல், பிறகு இன்னொரு இழுப்பு. தணிகாசலம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

லீலா கண்ணைத் திறந்ததும் முதலில் தன் விரலைத்தான் பார்த்தாள். தொழில் புத்தி, யாருக்கு மாட்டியிருக்கிறோம் என்று சுற்றிலும் தேடினாள், தேடிவிட்டு, அது தனக்கு என்று தெரிந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தலை வெடிக்கிறது என்றாள். 95 காட்டியது. தன் நகங்களைத் திருப்பிப் பார்த்தாள், வெயிலில் நீட்டிப் பார்த்தாள். கருவியைக் கழற்றி, அவன் விரலைப் பிடித்து இழுத்து மாட்டினாள். 93. அவன் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு டேப்புத் துண்டு ஒன்றை உரித்து எடுத்தாள்.

"ஜன்னல் திறந்திருந்துச்சா?"

"ஒட்டிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டட்டும் என்றுகூட இருந்தது. அவள் டேப்புத் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கீழே தெருவில் யாரோ புறாவுக்கு விசில் அடித்தார்கள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"உன் குறட்டை நின்னுபோச்சு."

நாலு வருஷமாக ஒப்புக்கொள்ளாதவள், நான் குறட்டை விடறதில்லங்க என்று இன்றைக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில், கூட்டிக்கொண்டு வந்த சொந்தக்காரர்களிடம் கேட்பாளே, அந்தக் குரலில், நிதானமாகக் கேட்டாள்.

"எப்ப நின்னுது?"

அவனுக்குத் தெரியும். நிமிஷம் முதற்கொண்டு தெரியும், திரையின் ஓரத்தில் பதிவாகியிருக்கிறது. அப்பாடா என்று இருந்ததும் தெரியும்.

"மூணாவது ஓட்டத்துல."

"இப்ப ஓடுனது எத்தனாவது?"

தணிகாசலம் விரலில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு" என்றான்.